பெயர்க்குச்சி இல்லாத கொடிகள்

என் தங்கை மித்சுயோவின் சலூனுக்கு வருகிறவர்களை அவளே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறாள். முடி வெட்ட வருகிறவர்கள், பின்கட்டுக் கொடியைப் பார்க்க வருகிறவர்கள், அந்தக் கொடியின் விதையைத் திருட வருகிறவர்கள். மூன்றாவது வகையில் ஒருவர்கூட இதுவரை பிடிபட்டதில்லை. ஆனாலும் அவள் கணக்கில் அந்த வகையில்தான் ஆட்கள் அதிகம்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போர்க்காலத்தில், கணவரைப் போருக்கு அனுப்பிவிட்டிருந்த என்னையும் சிறுமியாக இருந்த அவளையும் மலைப்பக்கம் ஒரு வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். வள்ளிக்கிழங்கை எல்லோருக்கும் சேர்த்து ஒரே பானையில்தான் வேகவைப்பார்கள். மித்சுயோ தன் கிழங்கில் நகத்தால் ஒரு பிறை கீறிவிட்டுத்தான் பானையில் போடவிடுவாள். வெந்து வந்ததும் பிறையைத் தேடி எடுப்பாள். பிறை இருந்த கிழங்கு சின்னதாக இருந்தாலும் அவளுக்கு அதுதான் வேண்டும். ஏமாறவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு ருசி.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கட்டைவிரல் பிரித்த வெள்ளைக் காலுறைகளை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். அவள் அப்படியில்லை. முடிதிருத்தும் உரிமத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். எங்கள் ஹோன்ஜோ பக்கத்துச் சந்துகளில் சொந்தமாகக் கடை போட்ட முதல் பெண் அவள்தான். கீழே கடை, மேலே நாங்கள் இருவர். என் கணவர் போரிலிருந்து திரும்பவில்லை. அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரே ஒருவர் பெண் பார்க்க வந்தார். தேநீர் குடித்துவிட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தார், சாயும் நாற்காலியை இரண்டு முறை சாய்த்துப் பார்த்தார். அவர் போனதும் மித்சுயோ சொன்னாள்: “இவரு நாற்காலியப் பொண்ணு பாக்க வந்திருக்காரு. அது சம்மதிச்சா கூட்டிட்டுப் போகட்டும்.”

கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். அதை முற்றம் என்று சொல்வதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஒரு பக்கம் எங்கள் சமையலறை, மறுபக்கம் பொதுக் குளியல் கூடத்தின் உயரமான சுவர். நடுவில் ஒருவர் குடை விரித்து நடக்கலாம், இருவர் முடியாது. மதியம் ஒரு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், மற்றபடி நாள் முழுக்க நிழல். அங்கேதான் அவள் அசகாவோ வளர்க்கிறாள்.

அசகாவோ விடியலில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும் கொடி. ஜூலை வந்தால் எங்கள் பக்கத்தில் அது இல்லாத வாசல் கிடையாது. மற்றவர்கள் வீட்டுப் பூ எட்டு மணிக்கே ஈரத்துணி போலத் தொங்கிவிடும். எங்கள் நிழலில் மதியச் சாப்பாடு வரை விரிந்து நிற்கும். அசகாவோ சங்கத்தின் தலைவர் ஹதானோ முதன்முதலாக மதியம் பன்னிரண்டு மணிக்கு அதைப் பார்த்தபோது தொட்டிமண்ணில் விரலை விட்டுத் துழாவினார்.

“அடியில ஐஸ் வெச்சிருக்கியா?”

“ஆமா அண்ணே. பக்கத்துலேயே விசிறியும் போட்டிருக்கேன். காத்து வருதா?”

ஹதானோ தத்தாமிப் பாய் தைக்கிறவர். எங்கள் சந்தின் கோடியில் பட்டறை. தடித்த விரல்கள், மெல்லிய குரல். மாதம் இருமுறை மித்சுயோவிடம் முடிவெட்டிக்கொள்வார், வாரம் ஒருமுறை சவரம்.

அவர் ஆசைப்பட்டது எங்களிடம் இருந்த ஒரே ஒரு வகைக்கு. மித்சுயோ அதற்குத் ‘தூறல்’ என்று பெயர் வைத்திருந்தாள். சந்தையில் விற்காமல் போய்க் குளியல் கூட வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு தொட்டியிலிருந்து விதை எடுத்து, பல வருஷம் விதைத்து விதைத்துப் பொறுக்கி அவள் கண்டெடுத்தது. இலை மஞ்சளோடிய பச்சை, ஊசிபோல ஒடுங்கியது. பூ பூப்போலவே இருக்காது. வெளிர்நீல இதழ்கள் நூல் நூலாகப் பிரிந்து, ஓரங்களில் வெள்ளை பாய்ந்து, கூரை விளிம்பில் மழை இறங்குவது போல நிற்கும். வேறு யாரிடமும் அது கிடையாது.

அதில் ஒரு வில்லங்கம் உண்டு. தூறல் காய்க்காது. அப்படிப்பட்ட கோணல் பூக்கள் எதுவுமே காய்ப்பதில்லை. அதனோடு ஒரே காயில் பிறந்து, இலையில் அதே மஞ்சள் ஓடினாலும் பார்க்கச் சாதாரணமாக, வட்டப்பூ பூக்கும் உடன்பிறப்புச் செடிகள்தான் விதை தரும். அந்த விதைகளைப் போட்டால் பெரும்பாலும் சாதாரணம்தான் வரும். நடுவில் ஒன்றிரண்டு தூறலாக முளைக்கும். ஆகவே அழகிக்குத் தண்ணீர் ஊற்றுவதைவிட அவளுடைய அழகில்லாத அக்கா தங்கைகளைக் காப்பாற்றுவதுதான் வேலை. அவை போனால் தூறலும் போய்விடும்.

மித்சுயோ யோசித்தாள். சங்கத்தில் எல்லோருக்கும் இந்த விவரம் தெரியும். திருட வருகிறவன் பூவைத் தொடமாட்டான், அதன் உடன்பிறப்பைத் தேடுவான். எனவே அவள் ஒரு தந்திரம் செய்தாள். சந்தையில் வாங்கிய வெறும் கொடிகளை நல்ல தொட்டிகளில் வைத்து, மையால் பெயர் எழுதிய மூங்கில் குச்சிகளைக் குத்தி, முற்றத்தின் நடுவில் வரிசையாக வைத்தாள். உண்மையான விதைச்செடிகளைக் குளியல் கூடச் சுவரோரம் உடைந்த சட்டிகளில் பெயரே இல்லாமல் விட்டாள். அவை சுவரில் கண்டபடி படர்ந்தன. போதாக்குறைக்கு அவற்றின் மேல் தரைதுடைக்கும் துணியைக் காயப்போடுவாள்.

“யாராச்சும் கேட்டா?” என்றேன்.

“காட்டுக்கொடி, தானா முளைச்சது, பிடுங்க நேரமில்லன்னு சொல்லு.”

இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. ஒருநாள் அதிகாலையில் ஹதானோ பாய்க்கட்டோடு பின்வழியாகப் போனபோது, மித்சுயோ சுவரோரக் காய்களைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதைக் கண்டுவிட்டார். நின்றார். நடுவில் இருந்த பெயர்க்குச்சிகளைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

“ஓகோ, சங்கதி இதுதானா?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அன்று மித்சுயோவுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சொல்லவந்தது ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டில் நடந்தது. முந்தின இலையுதிர் காலப் புயலில் எங்கள் சந்தில் வெள்ளம் புகுந்து, சேமித்த விதைகள் இருந்த டின்னுக்குள் ஈரம் ஏறிவிட்டது. பூஞ்சை பிடிக்காமல் தப்பிய விதைகள் எல்லாவற்றையும் அந்த வசந்தத்திலேயே விதைத்துவிட்டாள். கையிருப்பு என்று ஒன்றும் இல்லை. சுவரில் காய்ந்துகொண்டிருந்த காய்கள்தான் தூறலின் முழுச் சொத்து.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் காலை அவள் என்னைக் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டுத் தையலை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன்.

சுவரோரக் கொடிகளில் ஒரு காய்கூட இல்லை. கொடி அறுபடவில்லை, சட்டி சாயவில்லை. காம்புகளை மட்டும் ஒவ்வொன்றாக நிதானமாகக் கிள்ளி எடுத்திருந்தார்கள். தரைத்துணி மடித்துப் படியில் வைக்கப்பட்டிருந்தது. நடுவில் பெயர்க்குச்சி குத்திய தொட்டிகளில் காய்கள் அப்படியே இருந்தன.

“தெரிஞ்சவன்தான்” என்றாள் மித்சுயோ. “தெரியாதவன் குச்சி குத்தினதத்தான் எடுத்திருப்பான். இந்தச் சுவர்ல இருக்கறது என்னன்னு தெரிஞ்சவன் மூணே பேரு. நான், நீ, அவரு.”

“குருவி, எலி ஏதாச்சும்…”

“எந்த எலி துணிய மடிச்சு வெச்சுட்டுப் போகும் அக்கா?”



மறுநாள் ஹதானோவின் சவர நாள். வழக்கம்போல வந்து சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் துண்டுகளை மடிப்பதுபோல அங்கேயே நின்றேன். மித்சுயோ அவர் முகத்தில் நுரை பூசி, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினாள். வழக்கத்தைவிட நீளமாகவே தீட்டினாள்.

“இந்த வருஷம் உங்க வீட்ல காய் எப்படி அண்ணே?”

“சுமார்தான். மழை கெடுத்துடுச்சு.”

“மஞ்சள் இலைல ஏதாச்சும் தேறிச்சா?”

“எங்கிட்ட ஏது மஞ்சள் இலை? நீதான் ஒத்த விதைகூடக் குடுக்க மாட்டேங்கறியே.”

கத்தி அவர் தொண்டை மேட்டுக்குக் கீழே நின்றது.

“குடுக்கலன்னா என்ன? எடுத்துக்க வழி இல்லாமலா போச்சு?”

ஹதானோ ஒரு கண்ணைத் திறந்தார். “தொண்டைல கத்திய வெச்சுக்கிட்டு என்னம்மா கேக்கற நீ?”

“தாடைய அசைக்காதீங்க, கீறிக்கும்.”

“கேள்வி கேட்டா பதில் சொல்ல வேணாமா?”

“பதில் வாயில வரவேணாம். கண்ணுல தெரிஞ்சாப் போதும்.”

“கண்ணுல உன் சோப்பு நுரைதான் போயிருக்கு. அதுல என்ன தெரியுதோ பாத்துக்க.”

அவர் போனதும் மித்சுயோ என் பக்கம் திரும்பினாள். “கழுத்து நரம்பு துடிச்சுது, பாத்தியா?”

“அங்க கத்திய வெச்சா எனக்கும்தான் துடிக்கும்.”

நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அதன் பிறகு அவள் எல்லாவற்றையும் அந்தத் துடிப்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டாள். ஹதானோ எங்கள் பின்வழியை விட்டு முன்தெரு வழியாகப் போனால், குற்றமுள்ள நெஞ்சு. பின்வழியாகவே போனால், திமிர். அவர் மனைவி ஊறுகாய் முள்ளங்கி கொண்டுவந்து கொடுத்தால், வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். நல்ல முள்ளங்கி அது. நான்தான் முழுக்கத் தின்றேன்.

ஒருநாள் என்னையே கேட்டாள்: “நீ யாருகிட்டயாச்சும் வாய்தவறிச் சொன்னியா அக்கா?”

நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் என் தலையைக் கழுவி வாரிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த சமாதானம் அதுதான்.

நவம்பரில் சங்கம் கோயில் மண்டபத்தில் கூடும். ஒவ்வொருவரும் தங்கள் விதைகளைக் காகித உறைகளில் கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். மித்சுயோ ஒரு வருஷமும் தூறலைக் கொடுத்ததில்லை, வேறு விதைகளைக் கொடுப்பாள். அன்று அவள் முறை வந்ததும் வெறுங்கையோடு எழுந்து நின்றாள்.

“இந்த வருஷம் எங்கிட்ட தூறல் விதை இல்ல. யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.”

பெயர் சொல்லவில்லை. ஹதானோவை மட்டும் பார்த்தாள். மண்டபம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் சிவந்தார், வெளுத்தார், எழுந்தார். வாசலில் செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கி நடந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு அவர் வரவில்லை. பாலத்துக்கு அக்கரையில் யாரிடமோ முடி வெட்டிக்கொண்டார். எங்கள் சந்தில் ஒருவர் அக்கரைக்குப் போய் முடிவெட்டிக்கொள்வது விளையாட்டல்ல, ஊரைக் கூட்டி உறவை அறுத்துக்கொண்டதற்குச் சமம். ஒருநாள் தெருவில் அவர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மித்சுயோ அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ரெண்டு படி கட்டிவிட்டிருக்கான் பாரு. அதுல ஏறியே உச்சிமண்டைக்குப் போயிடலாம்” என்று பல்லைக் கடித்தாள். அவளுக்கு எதற்காகக் கோபம் வந்தது என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை.

ஹதானோவின் நண்பர்கள் இரண்டு மூன்று பேரும் வருவதை நிறுத்தினார்கள். மித்சுயோ வெறும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பொழுது போகாவிட்டால் மாடிக்கு வந்து சன்னலைத் திறந்து, சந்துக் கோடியில் ஹதானோ வீட்டின் மேல் தெரியும் மரமேடையைப் பார்ப்பாள். அவர் வீட்டார் துணி காயப்போடும் மேடை அது. அவருடைய தொட்டிகளும் அங்கேதான். குளிர்காலத்தில் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்ப்பாள்.

புத்தாண்டு முடிந்த வாரம். குளியல் கூடத்தின் உலைக்குச் சாம்பல் வாங்கப் போனேன். கொடிகளுக்குப் போட அதைத்தான் பயன்படுத்துவோம். உலைக்கு விறகு தள்ளுகிறவர் கன்சாகு. வடக்கே பனிகொட்டும் ஊர்க்காரர், தனியாள். பல வருஷமாக அவரே வாளியைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் கொட்டிவிட்டுப் போவார். பின்கதவு அவருக்குத் தாழ் போட்டதே இல்லை. அன்று அவருக்கு இருமல் என்பதால் நானே போனேன்.

“என்ன தாயி, மொகம் வாடிக் கெடக்கு?” என்றார்.

“மோச்சி தின்னது மூணு நாளா வயித்துல கல்லாட்டம் கெடக்கு.”

புத்தாண்டு அரிசிப் பலகாரம் தின்று வயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான். கன்சாகு முகம் மலர்ந்தது.

“அட, மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்க ஊரு மருந்து இருக்கு. ஒரு சிட்டிகை போதும், வெள்ளம் ஒடைச்ச மாதிரி ஆயிடும். எனக்கு வருஷா வருஷம் குளிர்ல வயிறு கட்டிக்கிட்டா இதுதான்.”

உலைக்குழாயில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்தார். ஒரு டப்பாவில் அரைத்த பொடி. பைக்குள் மிச்சம், அரைக்காதது. கையில் கொட்டினார். ஆரஞ்சுச் சுளை வடிவில் கறுப்பு விதைகள்.

எனக்கு வயிற்றுவலி அங்கேயே போய்விட்டது.

“இது எங்க கெடச்சுது?”

“உங்க பின்கட்டுச் சுவர்லதான். வழக்கமா ஆத்தங்கரைலதான் பொறுக்குவேன். அங்க மொளைச்சதெல்லாம் அந்த வெள்ளத்துல அடிச்சுட்டுப் போயிடுச்சு. உங்க சுவர்ல காட்டுக்கொடி சும்மா காஞ்சு கெடந்தது. தங்கச்சி அதும்மேல தரைத்துணியப் போட்டு வெச்சிருந்துது, அதுக்கு வேண்டாதது போலன்னு எடுத்துக்கிட்டேன்.” பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொன்னார்: “குச்சி குத்தினத நான் தொடல தாயி. அது அந்தப் புள்ளைக்கு உசுரு. எனக்குத் தெரியாதா?”

மித்சுயோவைக் கூட்டிவந்தேன். அவள் கையில் சீப்பு அப்படியே இருந்தது. கன்சாகு விஷயம் புரிந்து பையை இரண்டு கைகளாலும் நீட்டினார். 

“எத்தன தின்னீங்க?” என்றாள் மித்சுயோ.

“பாதிக்கு மேல அரைச்சுட்டேன்மா…”

“எல்லாத்தையும் நீங்களேவா?”

“குளிக்க வந்து பெஞ்சில உக்காந்திருந்த கொஞ்சம் பேருக்குக் குடுத்தேன். எல்லாருக்கும் நல்லா கேட்டுது.”

நான் சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒலிம்பிக் வந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பூ எங்கள் தெருக்காரர்களின் வயிற்றைக் கழுவிக்கொண்டு போயிருந்தது.

கடைக்குத் திரும்பி, வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் விதைகளைக் கொட்டினாள். விரலால் பரப்பினாள்.

“பூ தெரிஞ்சவன்தான் இதத் தொடுவான்னு நெனச்சேன் அக்கா.”

“பூ தெரியாதவர்தான் தொட்டிருக்காரு. தெரிஞ்சவங்களுக்காக நீ போட்ட வேஷத்த அவரு அப்படியே நம்பிட்டாரு.”

“ம்.”

“ஹதானோகிட்டப் போய்ச் சொல்லு.”

“சொல்றேன். இப்ப என்ன அவசரம்?” என்றவள் விதைகளை மறுபடி துண்டில் பரப்பினாள். “சுவர்ல இருந்தது இவ்வளவுதானா? ஒருவேள அவரும் கொஞ்சம் எடுத்திருந்தா?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த கவலை உடனே வந்தது. அந்தப் பை மாதக்கணக்கில் உலைக்குழாயில் தொங்கியது. விதைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல் கடைசியில் சிலவற்றை எடுத்து, சவரக்கத்தி நுனியால் முதுகில் லேசாகச் சுரண்டி, நனைத்து, முற்றத்தில் விதைத்தாள். எங்கள் நிழல் பூவுக்கு நல்லது, முளைக்கு ஆகாது. மண் சூடேறாமல் விதை ஊறிக் கூழாகிவிடும். முந்தின வருஷங்களில் மண்தட்டுகளை உலைக்கூரை மேல் வைத்து முளைக்க வைப்பாள். அந்த வசந்தத்தில் குளியல் கூடத்தார் கூரையைப் பிரித்து எண்ணெயில் எரியும் கொப்பரை வைத்துவிட்டார்கள். ஏற வழியே இல்லை.

விதைத்தவை எல்லாம் அழுகின. விரலால் தோண்டி எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளையாக வேர் நீட்டியிருந்தது, அதுவும் நுனியில் கறுத்துப்போய்.

“உசுரு இருக்கு. சூடுதான் இல்ல” என்றாள்.

எங்கள் சந்தில் விடிந்ததிலிருந்து மாலை வரை வெயில் படும் இடம் ஒன்றுதான். இருவரும் மாடிச் சன்னல் பக்கம் பார்த்தோம், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டோம்.

இரண்டு நாள் அவள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் தொழில் பெட்டியை எடுத்துக்கொண்டு, விதைப்பையை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். ஹதானோ பாயின் ஓரத்தை நீண்ட ஊசியால் இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணே, மொதல்ல அந்தப் பிடரியச் சரி பண்ணிடறேன். பாக்க சகிக்கல.”

“பிடரி எனக்குப் பின்னாடி இருக்கு. எனக்குத் தெரியறதில்ல.”

“மத்தவங்களுக்குத் தெரியுதே.”

“மத்தவங்களுக்கு நான் திருடனாவும் தெரியறேன். அதையும் சரி பண்ணுவியா, கத்தரியாலயே?”

மித்சுயோ பெட்டியைக் கீழே வைத்தாள். முழந்தாளிட்டுப் பாயில் நெற்றி படக் குனிந்தாள். என் தங்கை அப்படிக் குனிந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“தப்பு என்னோடது. கன்சாகு மாமா மருந்துக்குப் பறிச்சிருக்காரு. தெரிஞ்சு நாலு மாசம் ஆச்சு. வாய் வரல. சங்கத்துல எல்லாரு முன்னாலயும் நானே சொல்றேன்.”

ஊசி நின்றது. “மருந்துக்கா?”

“வயித்துக்கு.”

ஹதானோவின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். “புத்தாண்டு சமயத்துல எனக்கும் ஒரு பொட்டலம் குடுத்தாரே அந்த மனுஷன்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மித்சுயோ, நீ சொன்னது சரிதான். தூறல் என் வீட்டுக்கு வந்துதான் இருக்கு. ஆனா தங்கல.”

அவருடைய மனைவி உள்ளிருந்து சிரித்தது கேட்டது. மித்சுயோ சிரிக்கவில்லை. பையை எடுத்து அவர் முன் வைத்தாள்.

“உங்க மேடைல முளைக்க வெச்சுக் குடுக்கணும். மஞ்சள் இலைல வர்றது எல்லாம் எனக்கு வேணும்.”

“எண்ணிட்டுத்தான் கொண்டாந்திருப்பியே?”

“ஆமா.”

“எண்ணாம கொண்டாந்திருந்தா வேற யாரோன்னு நெனச்சிருப்பேன்” என்று சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, முடிவெட்டிக்கொள்ளத் தலையைக் குனிந்தார்.

அதோடு எல்லாம் சரியாயிற்று என்று நான் நினைத்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை. தினமும் காலை மாடிச் சன்னலில் நின்றாள். மேடையில் மண்தட்டுகள் தெரிந்தன. ஹதானோ குனிந்து தண்ணீர் தெளித்தார். சில சமயம் எங்களுக்கு முதுகு காட்டி நின்று ஏதோ செய்தார்.

“முதுக ஏன் காட்டறாரு?”

“அவருக்கு முன்பக்கம் அந்தப் பக்கம் இருக்கு, அதான்.”

“முளைச்சிருந்தா சொல்லணும்ல? இன்னிக்கு வழில பாத்தேன், மழை வரும்போல இருக்குன்னு சொல்லிட்டுப் போறாரு.”

“மழைதான் வருது மித்சுயோ.”

சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நாளில் நானும் அந்த முதுகைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டேன். அது தொற்றுநோய்.

ஒருநாள் மதியம், மழை விட்ட வேளையில், ஹதானோ ஒரு மண்தட்டைத் துணிபோட்டு மூடி இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் வந்தார். நாற்காலியில் யாரும் இல்லை. தட்டைக் கண்ணாடி முன் பலகையில் வைத்துத் துணியை எடுத்தார்.

பெரும்பாலும் வெறும் மண். நடுவே ஏழெட்டு நாற்றுகள், எல்லாம் மஞ்சளோடிய பச்சை. அவற்றில் ஒன்றுக்கு முதல் இரண்டு இலைகளும் அகலமாக இல்லாமல், கீறிவிட்டதுபோல ஒடுங்கி, இரு பக்கமும் ஊசியாக நீண்டிருந்தன. மித்சுயோ மூச்சை இழுத்தாள். பூ பார்க்க இன்னும் இரண்டு மாதம் வேண்டும், ஆனால் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு இலை போதும். தூறல் வந்துவிட்டது. அதன் உடன்பிறப்புகளும் வந்துவிட்டன.

“இவ்வளவுதான் தேறிச்சு. மத்ததெல்லாம் வெந்தே போயிருக்கு” என்றார் ஹதானோ.

மித்சுயோ அவருக்குத் தேநீர் கொடுத்தாள். நான் காலுறை தைக்கிறவள், ஒரு தையல் விட்டுப்போனால் என் கண் தானாக அங்கே போகும். தட்டின் ஓரத்தில், நாற்றுகள் நின்ற வரிசையிலேயே, ஓர் இடத்தில் மண் மற்ற இடங்களைவிடக் கறுத்து ஈரமாக இருந்தது. விரலால் அழுத்திச் சமன் செய்த பள்ளம், மூன்று விரல் அகலத்துக்கு. ஒன்றல்ல, இரண்டு மூன்று நாற்றுகளாவது மண்ணோடு பெயர்த்து எடுத்த இடம். அந்தத் தடித்த விரல் ரேகைகூடப் பதிந்திருந்தது.

நான் வாயைத் திறந்தேன். மித்சுயோ பலகைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

ஹதானோ தேநீரை முடித்து எழுந்து வாசலுக்குப் போனார். நான் அவள் காதருகே சொன்னேன்: “பாத்தியா அந்த மண்ண?”

“துணிய எடுத்த உடனே பாத்தேன்.”

“அப்புறம் என்ன பேசாம இருக்க? இப்ப நிஜமாவே எடுத்திருக்காரு!”

“எடுத்துக்கட்டும் அக்கா. எல்லாம் இந்த ஒரே சுவர்ல இருந்ததாலதானே ஒரே கையில போகப் பாத்துது?” என்று தணிந்த குரலில் சொன்னவள், உடனே வாசலை நோக்கிக் குரலை உயர்த்தினாள். “அண்ணே!”

ஹதானோ நின்றார். திரும்பவில்லை.

“மஞ்சள் இலை நாத்து முளைக்கிற வரைக்கும்தான் வெயில் கேக்கும். இனிமே உச்சிவெயில் பட்டா கருகிடும். நெழல் கட்டணும்.”

“எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற? எங்க வீட்லதான் ஒண்ணும் இல்லையே.”

“இருந்தான்னு சொன்னேன்.”

அவர் காது மடல்கள் சிவந்தன. “சரி, வெள்ளிக்கிழமை சவரத்துக்கு வரேன்” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

மறுநாள் காலை நான்தான் மாடிச் சன்னலைத் திறந்தேன். ஹதானோவின் மேடையில், கிழக்கு மூலையில், பழைய பாயின் ஒரு துண்டு நான்கு மூங்கில்களில் பந்தலாகக் கட்டப்பட்டிருந்தது. சின்னப் பந்தல், மூன்று தொட்டிகளுக்கு மேல் அடங்காது.

மித்சுயோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “தெக்குப் பக்கம் இன்னும் ஒரு சாண் தாழ்த்திக் கட்டணும்” என்று முனகிவிட்டுக் கடையைத் திறக்கப் போனாள்.